பழைய கார் ஏன் திணறுகிறது?

உங்கள் மாமா ஒருவரிடம் பழைய பிரீமியர் பத்மினி கார் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊருக்குள் ஓட்டினால் அதில் ஒரு குறையும் இல்லை. வெளியூர்ப் பயணம் என்றால்தான் வம்பு. நெடுந்தூரம் போகிறோமே என்று தொட்டி நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து புறப்படுவார். தாம்பரம் தாண்டும்வரை வண்டி சீராக ஓடும். செங்கற்பட்டை நெருங்கும்போது லேசாக இடறும்; ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் குலுங்கும்; சற்றுத் தூரத்தில் நின்றேவிடும். சாலையோரம் ஒதுக்கிப் பதினைந்து நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாததுபோல் எஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கும்.

மாமா மூன்று மெக்கானிக்குகளைப் பார்த்தார். முதலாமவர் கார்புரேட்டரில் தூசி என்று சொல்லி அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார். இரண்டாமவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். மூன்றாமவர் சூடேறிய காயில்தான் காரணம் என்று புதிய காயில் போட்டார். ஒவ்வொரு தடவையும் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி நன்றாகவே ஓடியது. அடுத்த பயணத்தில் மறுபடியும் செங்கற்பட்டு அருகே நின்றது!

மூவரும் திறமையற்றவர்கள் அல்லர். அவர்கள் சொன்ன மூன்று காரணங்களும் ஒரு காரை நிறுத்தக் கூடியவையே. அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது? இதற்கு விடை காண, எஞ்சின் எப்படி ஓடுகிறது, ஏன் திணறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று

பத்மினியின் எஞ்சின் 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. அதில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உறிஞ்சப்பட்டு, அழுத்தப்பட்டு, தீப்பொறியால் கொளுத்தப்பட்டு, புகையாக வெளியேற்றப்படுகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 தடவை சுழலும்போது ஒரு சிலிண்டரில் விநாடிக்கு 25 தடவை கலவை எரிகிறது. நான்கிலும் சேர்த்து விநாடிக்கு 100 தடவை! சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுவதால், நாம் அதைத் தொடர்ச்சியான ஓட்டமாக உணர்கிறோம்.

இந்த நான்கில் ஒன்று வேலை செய்யாவிட்டால், நான்கு தள்ளல்களில் ஒன்று விட்டுப்போகும். நால்வர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் தோளை விலக்கிக்கொண்டதுபோல் எஞ்சின் ஆடும். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்வது இதைத்தான்.

ஒரு சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்ய மூன்று வேண்டும். ஒன்று, சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும். இரண்டு, அந்தக் கலவை கசியாமல் அழுத்தப்படுதல். மூன்று, சரியான நொடியில் வலுவான தீப்பொறி. எஞ்சினின் கோளாறுகள் பல நூறாக இருக்கலாம். ஆனால் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்று தலைப்புகளில் ஒன்றின்கீழ் அடங்கிவிடும். கோளாறு காணும் வேலையின் முதற்படி, எந்தத் தலைப்பு என்று பிரித்தறிவதே.

கார்புரேட்டர் செய்யும் வேலை

மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் கைப்பம்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறு குழாயின் மேல்முனைக்கு மேலாகக் காற்று வேகமாகப் பாயும்போது, டப்பாவிலுள்ள மருந்து தானாக மேலேறிச் சிதறுகிறது. வேகமாகப் பாயும் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பது காரணம். இவ்வுண்மையை டேனியல் பெர்னௌலி 1738இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குழாயின் இடை குறுகினால் அவ்விடத்தில் வேகம் கூடி அழுத்தம் குறையும் என்பதை இத்தாலியரான வெஞ்சுரி 1797இல் ஆராய்ந்து எழுதினார். ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் 1893இல் பெட்ரோலைத் தூறலாகத் தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினார். பத்மினியில் உள்ள சோலெக்ஸ் கார்புரேட்டரும் அந்தத் தத்துவத்தில் இயங்குவதுதான்.

கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. பம்ப் அனுப்பும் பெட்ரோல் அதில் வந்து நிற்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைப்பதுபோல், இங்கும் ஒரு மிதவை மேலேறி ஊசி வால்வை அடைத்து, பெட்ரோலின் மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். கிண்ணத்திலிருந்து ‘ஜெட்’ எனப்படும் சிறு பித்தளைத் துளை வழியாகப் பெட்ரோல், காற்று பாயும் குறுகிய இடைக்குச் செல்கிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கன அளவில் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! பெட்ரோல் இந்த அளவை மீறினால் ‘செறிந்த’ கலவை. குறைந்தால் ‘மெலிந்த’ கலவை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எட்டுப் பங்கு காற்றுக்குக் கீழேயும், இருபது பங்குக்கு மேலேயும் போனால் தீப்பொறி எவ்வளவு வலுவாக இருந்தாலும் கலவை சரியாகப் பற்றாது.

முதல் கேள்வி: எப்போது?

நல்ல மருத்துவர் மருந்து எழுதுமுன் ‘எப்போது வலிக்கிறது?’ என்று கேட்பார் அல்லவா? காருக்கும் அதுவே முதல் கேள்வி. கார்புரேட்டருக்குள் ஒரே வழி இல்லை. வேறுவேறு வேலைக்கு வேறுவேறு வழிகள் உண்டு. ஆகவே திணறும் நேரமே இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போது, அதாவது ‘ஐட்லிங்’கில் மட்டும் ஆடுகிறதா? மெல்லோட்டத்திற்கான சிறு ஜெட்டையும், காற்றுக் கசிவையும் ஐயுறுங்கள். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்ததும் ஒரு கணம் தயங்கிப் பிறகு வேகமெடுக்கிறதா? அந்தக் கணத்தில் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டிய சிறு பம்ப் சோர்ந்திருக்கலாம். எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர் உள்ள அம்பாசிடர்களில் இந்தப் பம்ப் இல்லை. அதன் வேலையை மேலே உள்ள எண்ணெய்க் குழல் செய்கிறது. அதில் எண்ணெய் வற்றினாலும் இதே தயக்கம் வரும். மெல்ல ஓடும்போது நன்றாக இருந்து, வேகத்திலும் மேட்டிலும் மட்டும் வலுவிழக்கிறதா? பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை; தொட்டி முதல் கிண்ணம் வரையுள்ள பாதையைப் பாருங்கள். எல்லா வேகத்திலும் ஒரே சீராக ஒரு துடிப்பு விட்டுப்போகிறதா? அது பெரும்பாலும் கார்புரேட்டரின் குற்றம் அன்று. ஏதோ ஒரு சிலிண்டரின் குற்றம்.

கார்புரேட்டர் நான்கு சிலிண்டர்களுக்கும் பொது. ஒன்று மட்டும் கெட்டு, மூன்று நன்றாக இருந்தால், பொதுவானதைக் குற்றம் சொல்வது எப்படி? ஆயினும் எஞ்சின் ஆடினால் உடனே கார்புரேட்டரைக் கழற்றுவதே பலருக்குப் பழக்கமாகிவிட்டது.

சோதனைக்கு முன்

பெட்ரோல் உறைகுளிரிலும் ஆவியாகும். பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியசிலும் அதன் ஆவி தீப்பற்ற வல்லது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. குழிகளிலும் மூலைகளிலும் தேங்கி நிற்கும். ஆகவே பெட்ரோல் குழாயைக் கழற்றும் வேலையும் தீப்பொறியைப் பார்க்கும் வேலையும் ஒரே நேரத்தில் கூடாது. எஞ்சினைக் கிளப்ப, கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வதைச் சிலர் ஒரு கைத்திறனாகவே கருதுகிறார்கள். எஞ்சின் எதிர்த்து வெடித்தால் தீச்சுடர் அந்த வாய் வழியாகவே முகத்திற்கு வரும். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவும் விடாதீர்கள். செறிந்த கலவையின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மாணவர்கள் இச்சோதனைகளை வண்டி தெரிந்த பெரியவர் ஒருவர் கைப்படச் செய்ய, உடனிருந்து பார்ப்பதே நல்லது.

எந்தச் சிலிண்டர்?

எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது, நல்ல காப்புள்ள இடுக்கியால் ஒரு பிளக்கின் ஒயரை மட்டும் கழற்றி, அதன் முனையை எஞ்சினின் உலோகத்தில் படும்படி வைக்க வேண்டும். அந்த ஒயரில் 10,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு, வெறுங்கை கூடாது. ஓட்டம் உடனே தளர்ந்தால், அந்தச் சிலிண்டர் அதுவரை உழைத்தது என்று பொருள். ஒயரைக் கழற்றியும் எஞ்சினில் ஒரு மாறுதலும் தெரியாவிட்டால், சோம்பேறி அகப்பட்டுவிட்டான்!

இரண்டாம் சிலிண்டர் என்று தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது புதிய பிளக் வாங்க ஓட வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, இரண்டாம் பிளக்கையும் மூன்றாம் பிளக்கையும் இடம் மாற்றுங்கள். வேறெதையும் தொடாதீர்கள். மறுபடி ஓட்டினால் கோளாறு மூன்றாம் சிலிண்டருக்கு இடம் பெயர்ந்ததா? குற்றவாளி பிளக். இரண்டிலேயே நின்றதா? பிளக் நிரபராதி, அடுத்து, அதே முறையில் ஒயரைச் சோதியுங்கள். அதுவும் நன்று என்றால் சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தமானியில் மற்ற மூன்றைவிட ஒரு சிலிண்டர் மிகவும் குறைவாகக் காட்டினால், அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தவை. ஏறாவிட்டால் வால்வு கசிகிறது. எண்ணெய் வளையங்களின் இடுக்கை அடைக்கும், வால்வின் இடுக்கை அடைக்காது என்பதே இதன் சூட்சுமம்.

இதில் ஒரு முறை இருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். பிளக், ஒயர், காயில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் கார் சரியாகலாம். ஆனால் எது கெட்டிருந்தது என்பது தெரியாது. நல்லவையும் குப்பைக்குப் போகும்.

கழற்றிய பிளக்கை வீசுமுன் அதன் நுனியைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரிப்பொடி படிந்திருந்தால் கலவை செறிந்தது. வெளுத்துச் சுண்ணாம்புபோல் இருந்தால் கலவை மெலிந்தது அல்லது சூடு மிகுந்தது. எண்ணெய் ஈரம் தெரிந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் ஏறுகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி கிட்டவில்லை.

கள்ளக் காற்று

காற்று கார்புரேட்டரின் வாய் வழியாக மட்டுமே உள்ளே வர வேண்டும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள அட்டை கிழிந்தாலும், திருகு தளர்ந்தாலும், ரப்பர்க் குழாய் வெடித்தாலும் கணக்கில் வராத காற்று புகுந்துவிடும். கலவை மெலியும்.

இக்கசிவு ஐட்லிங்கில்தான் பெரிதும் தெரியும். ஏனென்றால் அப்போது காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. எஞ்சின் பலமாக உறிஞ்சுகிறது. ஆனால் உள்ளே போகும் மொத்தக் காற்று மிகக் குறைவு. ஒரு தம்ளர் பாலில் ஊற்றிய ஒரு கரண்டித் தண்ணீரும், ஒரு குடம் பாலில் ஊற்றிய ஒரு கரண்டித் தண்ணீரும் ஒன்றாகுமா? வேகம் கூடினால் அதே கசிவு மொத்தக் காற்றில் மிகச் சிறு பங்காகிவிடும். எனவே ‘நின்றால் ஆடுகிறது, ஓடினால் சரியாகிறது’ என்றால் கசிவைத் தேடுங்கள்.

எஞ்சின் மெல்ல ஓடும்போது இணைப்புகளின்மேல் சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்துப் பாருங்கள். மின் ஒயர்கள் நனையக் கூடாது. கசியும் இடத்தைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும். எஞ்சினின் குரல் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிக்கிறார்கள். சூடான புகைக்குழாய் அருகில் அது தீயை அழைப்பதாகும்.

இன்னொரு எளிய சோதனை உண்டு. எஞ்சின் சூடான பிறகும் திணறினால், சோக்கைச் சிறிதளவு இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் கலவை மெலிந்திருந்தது. மேலும் மோசமானால் மெலிவு காரணமன்று. ஒரு காசு செலவில்லாமல் பாதிக் காரணங்களை இதில் விலக்கிவிடலாம்.

தொட்டியிலிருந்து ஜெட் வரை

பெட்ரோலின் பயணத்தைத் தொட்டியிலிருந்து தொடர்வோம். மாதக்கணக்கில் நின்ற காரில் பெட்ரோல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகிறது. தொட்டியின் துருவும் அதனுடன் சேர்ந்து வடிகட்டியை அடைக்கிறது. அடுத்தது பம்ப். எஞ்சின் அசைக்க அசைய ஒரு ரப்பர்த் துணிச்சவ்வு மேலும் கீழும் ஆடிப் பெட்ரோலை இழுக்கிறது. சவ்வு ஓட்டையானால் பெட்ரோல் குறையும். எஞ்சின் எண்ணெயிலும் கலந்துவிடலாம். எண்ணெய்க் குச்சியை மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை காட்டிக்கொடுக்கும்.

கிண்ணத்தில் உள்ள பித்தளை மிதவையில் நுண்ணிய துளை விழுந்தால், அது பெட்ரோலைக் குடித்துக் கனத்து அமிழும். ஊசி வால்வு மூடாது; பெட்ரோல் வழியும்; கரும்புகை வரும். மிதவையைக் கழற்றி, பெட்ரோலும் நெருப்பும் இல்லாத இடத்தில் வெந்நீரில் அமிழ்த்துங்கள். உள்ளேயுள்ள ஆவி விரிந்து, துளையிருக்கும் இடத்தில் குமிழி விடும்.

கடைசியில் ஜெட். சோலெக்ஸ் ஜெட்டுகளில் ஓர் எண் பொறித்திருக்கும். அது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 125 என்றால் 1.25 மில்லிமீட்டர். அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்பவர்கள் பலர். பித்தளை மெதுவானது, கம்பி அதைச் சுரண்டும். 1.25 மில்லிமீட்டர் 1.30 ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ஆனால் பெட்ரோலின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கிட்டால் பெட்ரோல் 8 சதவீதம் கூடுகிறது! மெல்லோட்டச் சிறு ஜெட் 0.50 மில்லிமீட்டரிலிருந்து 0.55 ஆனால் 21 சதவீதம் கூடும். பிறகு எந்தத் திருகைத் திருப்பினாலும் எஞ்சின் பழைய நிலைக்கு வராது. ஜெட்டைக் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டும், குத்தக் கூடாது.

புதிய பெட்ரோல், பழைய ஜெட்

பழைய கார்களுக்கு இன்று இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. அவை பிறந்தபோது இருந்த பெட்ரோல் இப்போது இல்லை. 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுவதும் நிறுத்தப்பட்டது. நகரக் காற்றுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது பெரிய நன்மை. ஆனால் ஈயம் வால்வு அமரும் இடத்திற்கு ஒரு மெத்தைபோல் இருந்து வந்தது. அது போனபின், கடினப்படுத்தாத பழைய இருக்கைகள் விரைவில் தேயலாம். வால்வு இடைவெளி குறைந்து அழுத்தம் கசியலாம். இத்தகைய எஞ்சினில் வால்வு இடைவெளியைக் குறித்த காலத்தில் அளந்து சரிசெய்வது அவசியம்.

அடுத்த மாறுதல் எத்தனால். 2025 முதல் நம் நாட்டுப் பம்புகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் உள்ளது. அதனால் ஒரு கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். இரண்டும் கலந்த எரிபொருளுக்கு வேண்டிய காற்று 14.7இலிருந்து ஏறத்தாழ 13.5 ஆகக் குறைகிறது. இன்றைய கார்களில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து, கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆனால் பித்தளை ஜெட்டுக்கு இது எப்படித் தெரியும்? அது பழைய அளவையே விடுகிறது. விளைவு, கலவை ஏறத்தாழ 7, 8 சதவீதம் மெலிகிறது. குளிர்ந்த எஞ்சின் தயங்கும், மிதித்தால் இடறும்.

சற்றுமுன் பார்த்த கணக்கை நினைவுகூருங்கள். 125 ஜெட் 130 ஆனால் பெட்ரோல் 8 சதவீதம் கூடும் அல்லவா? இந்த மெலிவுக்கு ஈடு ஏறத்தாழ அதுவே. கம்பியால் குத்தி அகலப்படுத்துவது குற்றம். அளந்து துளையிட்ட, எண் பொறித்த அடுத்த ஜெட்டைத் தெரிந்து மாட்டுவது சிகிச்சை. மாட்டிய பிறகு பிளக்கின் நிறத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

எத்தனாலுக்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. அது நீரை ஈர்க்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பழைய பிசினையும் அது கரைத்துக் கிளப்பும். பழைய வகை ரப்பரையும் உப்பச் செய்யும் அல்லது வெடிக்கச் செய்யும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் ரப்பர்க் குழாய்களும் பம்ப் சவ்வும் போடுவது, வண்டி நிற்காமலிருக்க மட்டுமன்று. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டாமலிருக்கவும்தான்.

மாமாவின் காருக்குத் திரும்புவோம்

இப்போது செங்கற்பட்டுச் சாலைக்கு வருவோம். ஓடிச் சூடான பின் நின்று, ஓய்வுக்குப் பின் மறுபடி கிளம்பும் கோளாறுக்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது ஆவியடைப்பு. பெட்ரோலில் 35 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கும் பகுதிகள் உள்ளன. எஞ்சினின் சூட்டில் குழாயிலும் பம்பிலும் குமிழிகள் உண்டானால், பம்ப் ஆவியைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும். ஓய்வு கொடுத்தால் குளிர்ந்து திரவமாகிவிடும். இரண்டாவது, சூட்டில் தளரும் காயில் அல்லது கண்டென்சர். ஓய்வு கொடுத்தால் இவையும் குளிர்ந்து சரியாகும். மூன்றாவது, பெட்ரோல் தொட்டிக்குக் காற்று போகும் வழி அடைத்துக்கொள்வது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்திற்குக் காற்று வராவிட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் வளரும். பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. ஓய்வு கொடுத்தால் இடுக்குகளில் காற்று மெல்லக் கசிந்து புகும், மறுபடி ஓடும்.

பதினைந்து நிமிட ஓய்வு மூன்றையும் குணப்படுத்துகிறது! ஆகவே ஓய்வால் குணமாயிற்று என்பதிலிருந்து எது காரணம் என்று ஒருபோதும் அறிய முடியாது. மூன்று மெக்கானிக்குகளும் நின்ற வண்டியைப் பார்க்கவில்லை. குணமான வண்டியைத்தான் பார்த்தார்கள். தவறு நேர்ந்தது இங்கேதான்.

அடுத்த முறை மாமா காத்திருக்காமல், நின்ற உடனே மூன்று சோதனைகளைச் செய்யட்டும். முதலில், எஞ்சினை அணைத்தபடி காற்று வடிகட்டியைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்துக் கார்புரேட்டரின் தொண்டையைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் தாரை பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, பழி மின்சுற்றின்மேல். தாரை வராவிட்டால் பெட்ரோல் வந்து சேரவில்லை, காயில் நிரபராதி. இரண்டாவதாக, தொட்டியின் மூடியைத் திறந்து செவி கொடுக்க வேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. ஓசை இல்லையென்றால் மூன்றாவதாக, பம்பின்மேல் ஈரத்துணியைப் போட வேண்டும். சில நிமிடங்களில் உயிர் வந்தால் ஆவியடைப்பு. டாக்ஸி ஓட்டுநர்கள் இந்த ஈரத்துணி வைத்தியத்தைக் கோடைக்காலத்தில் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

மாமா செய்தார். தாரை வரவில்லை. மூடியைத் திறந்தார். ‘உஸ்’! சில மாதங்களுக்குமுன் பழைய மூடி தொலைந்து, அளவுக்குப் பொருந்திய வேறொரு மூடியை வாங்கி மாட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய மூடியில் காற்றுத் துளை இருந்தது, புதியதில் இல்லை.

தொட்டி நிறையப் பெட்ரோல் போட்டதும் ஏன் ஒரு துப்பு என்பது இப்போது விளங்கும். மூடிய இடத்திலுள்ள காற்றின் கன அளவு இரண்டு மடங்கானால் அழுத்தம் பாதியாகும் என்று ராபர்ட் பாயில் 1662இல் எழுதியதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். விளிம்புவரை நிரப்பிய தொட்டியில் காற்றுக்கு 2 லிட்டர் இடமே இருந்தால், 2 லிட்டர் பெட்ரோல் செலவானதும் அதன் கன அளவு இரு மடங்காகிவிடும். பெட்ரோல் ஆவி ஓரளவு ஈடுசெய்தாலும் மொத்த அழுத்தம் நன்றாகவே குறையும். பாதி நிறைந்த தொட்டியிலோ 20 லிட்டர் காற்று இருக்கிறது. 2 லிட்டர் செலவானால் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. ஊருக்குள் பாதித் தொட்டியோடு சுற்றிய கார் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் இதுவே விடை.

ஆனால் மாமா இன்னொன்றும் செய்ய வேண்டும். மறு வாரம் தொட்டியை நிரப்பி, துளையில்லாத அந்த மூடியோடு அதே சாலையில் போக வேண்டும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி மூடியைத் திறந்து மூட வேண்டும். வண்டி நிற்காவிட்டால்தான் காரணம் உறுதி. அதன் பிறகு காற்றுத் துளையுள்ள மூடியை வாங்கலாம்.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பைத் தெருக்களின் கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் விடைபெற்றது. கார்புரேட்டர் உள்ள கார்கள் ஆண்டுதோறும் அருகி வருகின்றன. ஆயினும் அந்தப் பழைய எஞ்சின் ஒரு நல்ல ஆசிரியர். அதன் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்லும். கேள்வியைத்தான் நாம் சரியாகக் கேட்க வேண்டும்: எப்போது நேர்கிறது? இதே அறிகுறியைத் தரக்கூடிய காரணங்கள் எவை எவை? அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டும் சோதனை எது? உங்கள் வீட்டு மின்விசிறியோ தண்ணீர்ப் பம்போ அடுத்த முறை நின்றுபோனால், புதிய உறுப்பு வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.